கபால நரம்புகளைச் சோதிப்பது எப்படி?

வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது என்று இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு இருவரும் ஒரே மாதிரிதான். "தலையைத் தூக்காம மேலே பாருங்க, நெத்தியைச் சுருக்குங்க" என்று சொன்னதும் வித்தியாசம் வெளியே வந்துவிடும். ஒருவருக்கு நெற்றியின் இருபுறமும் கோடு விழும். மற்றவருக்கு ஒரு பாதியில்தான் விழும். மறுபாதி இஸ்திரி போட்ட துணி போல வழுவழுவென்று கிடக்கும். முதலாமவருக்குக் கோளாறு மூளைக்குள், மேல்மட்டத்தில். பக்கவாதம் என்று நினைத்து உடனே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியவர் அவர். இரண்டாமவருக்கு முகநரம்பே போகிற வழியில் எங்கோ அடிபட்டிருக்கிறது. பாதி முகமே செத்தாற்போல இருக்கும் இரண்டாமவரைப் பார்த்துத்தான் வீட்டார் அதிகம் பயப்படுவார்கள். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் முதலாமவருக்கு.

கபால நரம்புப் பரிசோதனையின் சாரமே இந்த நெற்றிக் கோட்டில் இருக்கிறது. ஒரு நரம்பு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. பாதையில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதுதான் மீதி. கரண்ட் போனால் வாசலுக்கு வந்து, நம் வீட்டுக்கு மட்டுமா தெருவுக்கேவா என்று எட்டிப் பார்ப்போமே, அதே புத்திதான் இங்கும் வேண்டும்.

மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகள் 12 இணை. இன்று நாம் எண்ணும் முறையை 1778இல் வகுத்தவர் சோமரிங் என்ற ஜெர்மானியர். முன்னாலிருந்து பின்னாக எண் போட்டார். முதல் இரண்டும், அதாவது மணமும் பார்வையும், மூளையே நீண்டு வந்தது போன்றவை. 3, 4 நடுமூளையிலிருந்து வருகின்றன. 5, நடுமூளைக்குக் கீழுள்ள பான்ஸ் பகுதியிலிருந்து. 6, 7, 8 பான்ஸும் அதற்குக் கீழுள்ள முகுளமும் சேரும் இடத்திலிருந்து. 9, 10, 12 முகுளத்திலிருந்து. 11 மட்டும் கொஞ்சம் விசித்திரம்: கழுத்துத் தண்டுவடத்தில் பிறந்து, மண்டைக்குள் ஏறி, மறுபடி கழுத்துக்கே இறங்கி வருகிறது. இந்த முகவரிகளை மனப்பாடம் செய்வது சலிப்பான வேலை, ஆனால் தப்பிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து நரம்புகள் ஒன்றாக அடிபடும்போது இடத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

கையில் என்ன வேண்டும்

பேனா டார்ச், ஸ்னெல்லன் எழுத்து அட்டை, சிவப்புத் தலை கொண்ட ஊசி, பஞ்சு, ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தி எறியும் முனையுள்ள பொருள் ஒன்று, நாக்கை அழுத்தும் மரக்குச்சி, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, மூடியுள்ள சிறு டப்பியில் காபித்தூள், கண்ணின் உள்ளே பார்க்கும் ஆப்தால்மாஸ்கோப். தண்டுவடச் சோதனைக்கு வைத்திருக்கும் 128 ஹெர்ட்ஸ் கவையைக் காதுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் அதிர்வைக் காது கேட்பதற்கு முன் எலும்பு உணர்ந்துவிடும், நோயாளி "கேட்குது" என்று சொல்லிவிடுவார்.

கருவியைவிட முக்கியம் பேச்சு. "மரத்துப் போச்சு" என்று சொல்பவர் உணர்ச்சி இல்லை என்கிறாரா, அசைக்க முடியவில்லை என்கிறாரா என்று கேட்டுத் தெளிய வேண்டும். இரண்டுக்கும் அதே சொல் வரும். "கண்ணு சரியா தெரியல" என்றால் மங்கலா, இரண்டு இரண்டாகவா? "தலை சுத்துது" என்றால் அறையே சுழல்கிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? இதைக் கேட்காமல் டார்ச்சை எடுப்பவர்கள்தான் அதிகம்.

நோயாளியை வெளிச்சத்தில், உங்கள் கண்மட்டத்துக்கு நேராக உட்கார வைத்து, தொடுவதற்கு முன் அரை நிமிடம் சும்மா பாருங்கள். ஒரு இமை தாழ்ந்திருக்கிறதா, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறாரா, பேச்சு மூக்கால் வருகிறதா, எச்சில் வழிகிறதா, நெற்றிப் பொட்டில் தசை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா? பாதி விடை அங்கேயே இருக்கும்.

மணம்: சுருக்கமாக

ஒரு மூக்குத் துளையை மூடி, கண்ணை மூடச் சொல்லி, காபித்தூளையோ கிராம்பையோ காட்டுங்கள். பிறகு அடுத்த துளை. பெயர் சொல்ல வேண்டும் என்றில்லை. ஏதோ மணம் இருக்கிறது என்று உணர்ந்தால் நரம்பு பிழைத்தது. ஸ்பிரிட், அமோனியா, நெஞ்சில் தடவும் தைலம் எல்லாம் கூடாது. அவை மூக்கின் உட்தோலை எரித்து ஐந்தாம் நரம்பைத் தூண்டுகின்றன, மணமே தெரியாதவருக்கும் சுருக்கென்று இருக்கும். மணம் போவதற்கு முதல் காரணம் சளி. அது இல்லாமல், தலையில் அடிபட்டபின் போயிருந்தால், மூக்குக் கூரையின் சல்லடை எலும்பில் நுண்ணிய இழைகள் அறுந்திருக்கலாம்.

கண்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

பன்னிரண்டில் நான்கு நரம்புகள் கண்ணுக்கே போகின்றன. அவசர நோய்கள் பலவும் முதலில் தலைகாட்டும் இடம் இது.

பார்வைக் கூர்மையை ஒவ்வொரு கண்ணாக, 6 மீட்டர் தூரத்தில், அவர் அணியும் கண்ணாடியோடு சோதியுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது புதியவர்களின் வழக்கமான தவறு. நமக்கு வேண்டியது நரம்பின் கணக்கு, லென்ஸின் கணக்கல்ல. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால், அட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளை போட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். துளையில் தெளிந்தால் குறை கண்ணாடியால் தீரக்கூடியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நான்கு திசையிலும் திரும்பிய ஆங்கில 'ஈ' எழுத்து அட்டை உண்டு. அட்டையின் மிகப் பெரிய 6/60 எழுத்தும் தெரியவில்லை என்றால் விரலை எண்ண முடிகிறதா, கை ஆடுவது தெரிகிறதா, வெளிச்சமாவது தெரிகிறதா என்று படிப்படியாக இறங்க வேண்டும்.

அடுத்து பார்வைப் புலம். ஒரு மீட்டர் தள்ளி நேருக்கு நேர் உட்காருங்கள். அவர் வலக்கண்ணை மூடினால் நீங்கள் இடக்கண்ணை மூடுங்கள். "என் மூக்கையே பாருங்க, விரலைத் தேடாதீங்க" என்று சொல்லி, இருவருக்கும் நடுவில், நான்கு மூலைகளிலும் ஒன்றோ இரண்டோ விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிவது அவருக்கும் தெரிய வேண்டும். உங்கள் கண்தான் இங்கே அளவுகோல். விரல் நடுத்தூரத்தை விட்டு அவர் பக்கமோ உங்கள் பக்கமோ நகர்ந்துவிட்டால் இந்த ஒப்பீடே பொய்த்துவிடும். இரண்டு கண்ணிலும் வெளிப்புறப் பாதி தெரியவில்லை என்றால், பார்வை நரம்புகள் குறுக்கே மாறும் இடத்தைக் கீழிருந்து ஏதோ அழுத்துகிறது, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டியை நினைக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், உதாரணமாக இடப்பாதி போயிருந்தால், கோளாறு அந்தச் சந்திப்புக்குப் பின்னால், எதிர்ப்பக்க மூளையில். இப்படிப்பட்டவர் தன்னிடம் குறை இருப்பதே தெரியாமல் "வண்டி ஓட்டும்போது அடிக்கடி இடிச்சுடறேன்" என்று மட்டும் சொல்வார்.

பாவையை, அதாவது கண்ணின் நடுக் கறுப்புத் துளையை, சோதிக்க விளக்கைக் குறைத்து, தூரத்தில் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். டார்ச்சையே பார்த்தால், கிட்டப் பொருளைப் பார்ப்பதற்காகவே பாவை சுருங்கிவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து ஒரு கண்ணில் காட்டினால் இரண்டும் சுருங்க வேண்டும். தகவல் உள்ளே போவது 2ஆம் நரம்பில், கட்டளை வெளியே வருவது 3ஆம் நரம்பில். கட்டளை இரு கண்ணுக்கும் பகிரப்படுகிறது. பிறகு டார்ச்சை இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டுங்கள். வெளிச்சம் வந்ததும் சுருங்க வேண்டிய பாவை விரிந்தால், அந்தக் கண்ணின் பார்வை நரம்பு பழுது. இந்த ஒரு சோதனை நோயாளியின் பதிலை நம்பியிருப்பதில்லை. பார்வை தெரியவில்லை என்று நடிப்பவரையும் இது ஓரளவு பிரித்துக் காட்டும்.

இரு பாவைகளுக்குள் ஒரு மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் ஆரோக்கியமான பலரிடமும் உண்டு. வித்தியாசம் இருட்டில் கூடினால் சிறிய பாவைதான் விரிய மறுக்கிறது. வெளிச்சத்தில் கூடினால் பெரிய பாவைதான் சுருங்க மறுக்கிறது. நிறையப் பேர் பெரியதையே குற்றவாளி ஆக்கிவிடுவார்கள்.

கண்ணசைவுக்கு விரலை அரை மீட்டருக்குச் சற்று மேல் தள்ளிப் பிடித்து, ஆங்கில எச் எழுத்து போல நிதானமாக நகர்த்துங்கள். "தலையை ஆட்டாம கண்ணால மட்டும் பின்னாடியே வாங்க. எங்கேயாவது ரெண்டாத் தெரிஞ்சா சொல்லுங்க." தலை ஆடினால் இடக்கையால் மோவாயைப் பிடித்துக்கொள்ளலாம். கண்ணை வெளிப்புறம் இழுப்பது 6. மூக்குப் பக்கம் திரும்பிய கண்ணைக் கீழே இறக்குவது 4. மற்ற அசைவுகளும் மேலிமையைத் தூக்குவதும் 3. இரட்டையாகத் தெரியும் திசையில் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்: வெளியே தள்ளித் தெரியும் பிம்பம் எந்தக் கண்ணை மூடினால் மறைகிறதோ, அதுதான் பழுதான கண். ஒரு கண்ணை மூடியும் இரண்டாகவே தெரிந்தால் நரம்பை விட்டுவிட்டு கண்புரையைத் தேடுங்கள். கண்ணைக் கடைசி எல்லை வரை இழுத்துப் பிடித்தால் இரண்டு மூன்று துடிப்பு யாருக்கும் வரும். அதை நோயென்று எழுதக் கூடாது.

4ஆம் நரம்பு பழுதானவர் படி இறங்கும்போதும் படிக்கும்போதும் தடுமாறுவார், தலையை எதிர்த் தோள்பக்கம் சாய்த்துச் சமாளிப்பார். 6ஆவதை மட்டும் வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். மண்டைக்குள் அழுத்தம் எங்கே ஏறினாலும் அது இழுபட்டுச் செயலிழக்கும். காசநோய் மூளைக்காய்ச்சலில் இப்படிக் கண் உள்நோக்கித் திரும்பி நிற்பதைக் காணலாம்.

3ஆம் நரம்பு போனால் இமை விழுந்து, கண் வெளியேயும் கீழேயும் பார்த்து நிற்கும். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: பாவை விரிந்திருக்கிறதா? பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. வெளியிலிருந்து ஒரு ரத்தநாளப் புடைப்பு அழுத்தினால் முதலில் நசுங்குவது அவைதான். சர்க்கரை நோயில் நரம்பின் உட்பகுதிக்கு ரத்தம் போகாமல் கெடுகிறது, அதனால் பாவை பெரும்பாலும் தப்பிக்கிறது. திடீர்த் தலைவலி, விழுந்த இமை, விரிந்த பாவை மூன்றும் சேர்ந்து வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முகம்

5ஆம் நரம்பு நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளையாக உணர்ச்சியைக் கொண்டுபோகிறது. முதலில் பஞ்சை மார்பெலும்பில் தொட்டு "இப்படித்தான் இருக்கும்" என்று காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, மூன்று இடத்திலும் இருபுறமும் ஒப்பிடுங்கள். தடவாதீர்கள், தொட்டு எடுங்கள். பிறகு கூர்முனையால் அதையே செய்யுங்கள். தாடைக் கோணம் இந்த நரம்புக்குச் சொந்தமில்லை, கழுத்து நரம்புகள் பார்த்துக்கொள்கின்றன. பாதி முகம் தாடைக்கோணம் உட்பட, நடுக்கோட்டில் கத்தியால் வெட்டினாற்போல மரத்துப் போயிருக்கிறது என்றால் அது இந்த நரம்பின் எல்லைக்கு ஒத்துவராது.

கருவிழி அனிச்சைக்கு நூலாகத் திரித்த பஞ்சைப் பக்கவாட்டிலிருந்து, அவர் பார்வையில் படாமல் கொண்டுவந்து, கறுப்பும் வெள்ளையும் சேரும் ஓரத்தைத் தாண்டிக் கருவிழியில் தொட வேண்டும். வெள்ளையில் தொட்டால் சோதனை நடக்கவே இல்லை. இமைமயிரில் பட்டால் வேறு காரணத்துக்கு இமைப்பார். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உணர்வது 5, இமைப்பது 7. தொட்ட கண் இமைக்காமல் மறு கண் மட்டும் இமைத்தால் பழுது 7இல்.

தசைக்கு, பல்லைக் கடிக்கச் சொல்லி கன்னப்பொட்டிலும் தாடையிலும் கை வைத்துப் பாருங்கள். வாயைத் திறந்தால் தாடை பலமிழந்த பக்கம் ஒதுங்கும்.

7ஆம் நரம்பான முகநரம்புக்கு நான்கு கட்டளை போதும். நெற்றியைச் சுருக்குங்க. "கண்ணை இறுக்க மூடுங்க, நான் திறக்கப் பாப்பேன், விட்டுடாதீங்க." பல்லைக் காட்டுங்க. கன்னத்துல காத்தை அடைங்க. வாய் இழுபடுவது நல்ல பக்கம் நோக்கி. குடும்பத்தார் இழுத்த பக்கத்தையே நோய்ப்பக்கம் என்று சொல்வார்கள், கேட்டுவிட்டு நீங்களும் அப்படியே எழுதிவிடாதீர்கள். நெற்றி ஏன் தப்பிக்கிறது? மேல்முகத்துக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் தாங்கிக்கொள்கிறது. கீழ்முகத்துக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஆனால் நெற்றியும் போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெல்ஸ் பால்ஸி (காரணம் தெரியாமல் திடீரென வரும் முகவாதம்) என்று எழுதவும் கூடாது. பான்ஸில் நரம்பின் பிறப்பிடமே அடிபட்டாலும் இப்படித்தான் இருக்கும். அப்போது கண்ணசைவோ கைகாலோ கூடவே தடுமாறும். காதுக்குள் கொப்புளம் உண்டா, காதுக்கு முன் கன்னச் சுரப்பியில் கட்டி உண்டா என்று பார்த்தே தீர வேண்டும். பெல்ஸ் பால்ஸி என்றால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டுமருந்தும் இரவில் இமையை மூடி ஒட்டும் பிளாஸ்திரியும் வேண்டும். புறா ரத்தம் தடவி நாள் கடத்தினால் போவது அந்த 72 மணி நேரம்.

நம் ஊரில் தொழுநோயையும் மறக்கக் கூடாது. அது முகநரம்பின் கன்னக் கிளையைத் தாக்கிக் கண்ணை மூட விடாமல் செய்யும். 5ஆம் நரம்பையும் தாக்கிக் கருவிழியின் உணர்ச்சியைப் போக்கும். மூடவும் முடியாது, தூசி விழுந்தாலும் தெரியாது. பார்வை போக இதற்கு மேல் என்ன வேண்டும்? தூங்குவது போல மெதுவாக மூடச் சொல்லி, இமை இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து குறியுங்கள். இறுக்கி மூடச் சொன்னால் தொடக்கநிலைப் பலவீனம் ஒளிந்துகொள்ளும்.

காது, தொண்டை, கழுத்து, நாக்கு

கேட்பது 8ஆம் நரம்பின் வேலை. ஒரு கை தூரத்தில் பின்னால் நின்று, மறு காதின் முன்மடலைத் தேய்த்து ஓசையெழுப்பி மறைத்தபடி, எண்களைக் கிசுகிசுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குறை இருந்தால் இசைக்கவை. அதை முழங்கையில் தட்டுங்கள், மேசை விளிம்பில் அல்ல. விளிம்பில் தட்டினால் தேவையில்லாத உபசுரங்கள் கிளம்பும். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஊன்றி, பிறகு காதுக்கு முன் இரண்டு மூன்று சென்டிமீட்டரில் பிடித்து, எது பலமாகக் கேட்கிறது என்று கேளுங்கள். காற்றில் கேட்பதே பலமாக இருக்க வேண்டும். 1855இல் ரின்னே என்ற ஜெர்மானியர் விவரித்த இந்தச் சோதனையில் காற்றில் கேட்பது பலமாக இருந்தால் 'பாசிட்டிவ்', அதாவது இயல்பு. இந்தப் பெயர்க் குழப்பத்தில் விழாத மாணவர் குறைவு. பிறகு கவையை நடுநெற்றியில் ஊன்றுங்கள். காதடைப்பு வகைச் செவிட்டில் ஓசை கெட்ட காதுக்குப் போகும், நரம்புச் செவிட்டில் நல்ல காதுக்குப் போகும். ஒரு காது முற்றிலும் செவிடானால் அந்தப் பக்க எலும்பில் ஊன்றும் ஓசையை மறு காது கேட்டுவிடும், முடிவு தலைகீழாகும். அதனால் இரண்டு சோதனையும் சேர்ந்தே செய்யப்பட வேண்டும்.

9, 10 இரண்டையும் ஒன்றாகவே பார்க்கலாம். "ஆ" என்னும்போது அண்ணம் இருபுறமும் சமமாக எழ வேண்டும். ஒரு பக்கம் பலமிழந்தால் உள்நாக்கு நல்ல பக்கம் இழுபடும். இருமச் சொல்லுங்கள், குரல்நாண் சேராவிட்டால் இருமல் வெடிக்காமல் காற்றாகப் போகும். தொண்டையைக் குச்சியால் தொட்டுக் குமட்டச் செய்வதை எல்லோரிடமும் செய்யத் தேவையில்லை. அது ஆரோக்கியமான பலரிடமும் வராது, வந்தாலும் விழுங்குவது பத்திரம் என்று அர்த்தமில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதில்தான் பலன் அதிகம். ஆனால் எச்சிலே வழிகிறது, குரல் நீரில் குமிழ்வது போல இருக்கிறது என்றால் தண்ணீரும் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போகும்.

11க்குத் தோளைத் தூக்கச் சொல்லி அழுத்துங்கள்; கன்னத்தில் கை வைத்துத் தடுத்தபடி முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். இடப்பக்கம் திருப்புவது வலப்பக்கத் தசை. கழுத்தின் பக்கவாட்டில் நெறிக்கட்டியை வெட்டி எடுத்தபின் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்பவரிடம் இந்த நரம்பைத் தேடுங்கள்.

12ஆம் நரம்புக்கு, நாக்கை முதலில் வாய்க்குள்ளேயே கிடக்கவிட்டுப் பாருங்கள். ஓரம் வற்றியிருக்கிறதா, புழு நெளிவது போலத் துடிக்கிறதா? நீட்டிய நாக்கு யாருக்கும் கொஞ்சம் துடிக்கும், அது கணக்கில் வராது. நீட்டினால் பலமிழந்த பக்கம் சாயும். முகவாதம் இருப்பவருக்கு வாயே கோணியிருப்பதால் நாக்கு சாய்ந்தாற்போலத் தோன்றும். மூக்கு நுனியோடு நேர்பார்த்தால் மாயம் கலைந்துவிடும்.

கூட்டாக விழும்போது

5, 7, 8 ஒரே பக்கம் என்றால் சிறுமூளைக்கும் பான்ஸுக்கும் இடையிலுள்ள மூலையில் கட்டியைத் தேடுங்கள். 9, 10, 11 என்றால் மண்டையின் அடித்தளத்தில் அவை வெளியேறும் துளை. 3, 4, 6 மூன்றும் நெற்றி மரப்பும் என்றால் கண்ணுக்குப் பின்னுள்ள கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தக்குழிவு. 2021இல் கொரோனாவுக்குப் பின் சர்க்கரை நோயாளிகளைக் கரும்பூஞ்சை தாக்கியபோது பலருக்குக் கண் அசையாமல் நின்றது இப்படித்தான்.

இரு பக்கமும் சமமாக, பல நரம்புகள் சேர்ந்து விழுந்தால் நரம்பை விட்டு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை நினையுங்கள். ஒரு நிமிடம் மேலேயே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல இறங்குகிறது, பாவை மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய். தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடும் விழுந்த இமைகளோடும் வந்தால் கட்டுவிரியன். கடித்த தடமே தெரியாமல் இருக்கலாம், கடித்த இடத்தில் வலியும் இருக்காது. விஷம் ஏறும் வரிசை பெரும்பாலும் இமை, கண்ணசைவு, விழுங்குதல், கழுத்து, கடைசியில் மூச்சு. ஒரு முறை பார்த்துவிட்டு விடக் கூடாது. இமை எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, தலையணையிலிருந்து தலையைத் தூக்குகிறாரா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று அடுத்தடுத்துக் குறித்து வாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் மூச்சுக்குழாய் போடும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். இவர்களில் சிலருக்குப் பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும், ஒரு அனிச்சையும் இருக்காது. மூளை செத்துவிட்டது என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் எழுந்து உட்காருவார்.

கேஸ் ஷீட்டில் "கபால நரம்புகள் இயல்பு" என்று ஒற்றை வரி எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு வருபவருக்கு ஒன்றும் புரியாது. "பாவை இருபுறமும் 3 மி.மீ., வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது, வலப்பக்கம் வெளிநோக்கிப் பார்க்கையில் இரட்டைப் பார்வை, மணம் சோதிக்கவில்லை" என்று, மணி போட்டு எழுதுங்கள்.